வேலை விண்ணப்பக் கடிதம் எழுதும் முறை

வணிகச் சகோதரர்களுக்கு வேலை விண்ணப்பத்தைப் பற்றிய பாடம் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். கடை வைத்திருப்பவர் வேலை கொடுப்பவராயிற்றே, வேலை தேடுபவர் அல்லரே என்றும் கேட்கலாம். காரணம் உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் நம் கடைக்கு வரப்போவதில்லை. தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலும் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் படித்து வெளிவந்து, நம்மை முன்பின் அறியாத ஒருவரிடம் வேலை கேட்கப் போகிறார்கள். நம்மிடம் பணிபுரிந்த பையன்களும் ஒருநாள் வேறிடம் தேடுவார்கள். வாடகையும் வயதும் நெருக்கக் கடையைச் சாத்திய நம்மவர் சிலரும், 50 வயதுக்குமேல் முதன்முறையாக விண்ணப்பம் எழுத உட்காருகிறார்கள். ஆகவே இப்பாடத்தை நம் வணிகர்களுக்கென்றே எழுதுகிறோம்.

முகமே கடிதமாயிருந்த காலம்

முன்னாளில் நம்மவர் சிங்கப்பூரில் வேலைக்கு அமர்ந்த விதம் யாவரும் அறிந்ததே. கடையநல்லூரிலிருந்தோ நாகூரிலிருந்தோ ஒரு பையன் ரஜூலா கப்பலேறி வருவான். மாமா கடையிலோ ஊர்க்காரர் கடையிலோ சேருவான். இன்னாருடைய மகன், இன்ன தெருக்காரன் என்பதே அவனுக்கு அத்தாட்சி. பையன் எப்படி என்று கேட்டால் பதில் சொல்ல நாலு பேர் இருந்தார்கள். சேஞ்ச் ஆலியில் நாணயம் மாற்றியவர்களும் சிராங்கூன் சாலையில் மளிகை விற்றவர்களும் இவ்வாறே ஆள் சேர்த்தார்கள். எழுத்து அங்கே தேவைப்படவில்லை.

இன்று நம் குடும்பங்கள் புக்கிட் பாத்தோக் போன்ற நகர்களின் அடுக்குமாடி வீடுகளில் பரவி வாழ்கின்றன. வெளியாரிடம் கூலிக்கு உழைப்பது இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. இப்போதைய நகரப் பூங்காவின் குளம் ஒரு காலத்தில் கருங்கல் உடைத்த பள்ளமே. அருகே அப்பர் புக்கிட் தீமா சாலையில் 1941ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய போர்ட் மோட்டார் தொழிற்சாலை 1980 வரை கார்களைப் பூட்டி அனுப்பியது. 1990இல் எம்.ஆர்.டி. நிலையமும் திறந்தபின், இங்கு குடியிருக்கும் பிள்ளை தீவின் எந்த மூலைக்கும் வேலைக்குப் போகலாம். ஆனால் அந்த மூலையில் இருக்கும் முதலாளிக்கு இவன் யார் மகன் என்பது தெரியாது. முன்னே முகம் செய்த வேலையை இப்போது ஒரு தாள் செய்ய வேண்டியிருக்கிறது.

கடையை மறைக்கும் கடிதம்

இளைஞர்களின் விண்ணப்பங்களில் ஒரு குறை மீண்டும் மீண்டும் நம் கண்ணில் படுகிறது. தேர்வில் பெற்ற புள்ளிகளை எழுதுகிறார்கள். ‘கடுமையாக உழைப்பேன்’, ‘எதையும் விரைவில் கற்றுக்கொள்வேன்’ என்றும் எழுதுகிறார்கள். பள்ளி விட்டதும் மூன்று நான்கு ஆண்டுகள் அத்தாவின் கடையில் நின்றதை மட்டும் எழுதுவதில்லை. கேட்டால், “அது நம்ம கடைதானே, அதைப் போய் வேலை என்று எப்படி எழுதுவது?” என்கிறார்கள்.

சகோதரர்களே, இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பிள்ளை சரக்கு இருப்பை எண்ணியிருக்கிறான். காலாவதித் தேதி பார்த்து அடுக்கியிருக்கிறான். இரவில் கல்லாவைக் கணக்கோடு ஒத்துப் பார்த்திருக்கிறான். மலாயில் பேசும் மூதாட்டிக்கும் சீன மொழியில் விலை கேட்கும் பெரியவருக்கும் பதில் சொல்லியிருக்கிறான். கோபத்தோடு பொருளைத் திருப்பிக்கொண்டு வந்தவரைச் சமாதானப்படுத்தி அனுப்பியிருக்கிறான். இதையெல்லாம் பெரிய அங்காடியொன்றில் சீருடை அணிந்து செய்திருந்தால் முதல் வரியிலேயே எழுதியிருப்பான்.

இதனால் விளையும் நட்டம் இரண்டு. வேலை கொடுப்பவர் கண்ணுக்கு அந்த ஆண்டுகள் வெறுமையாய்த் தெரிகின்றன. அதனினும் பெரிது, தன் தகப்பன் செய்த தொழில் தொழிலாகாது என்று பிள்ளை மனத்தில் பதிந்துவிடுவது.

சென்னைத் துறைமுகத்துக்குச் சென்ற ஒரு கடிதம்

தமிழர் ஒருவர் எழுதிய வேலை விண்ணப்பங்களுள் உலகம் இன்றும் எடுத்துப் படிப்பது ஒன்று உண்டு. கணிதமேதை சீனிவாச ராமானுஜன் 1912ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைமைக் கணக்கருக்கு எழுதியதே அது. அன்று அவர் மேதையென்று பெயரெடுத்தவர் அல்லர். கும்பகோணத்திலும் பின்பு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் எப்.ஏ. வகுப்பில் பயின்றும் அத்தேர்வில் தேறாதவர். கையில் பட்டமில்லை, வீட்டில் வசதியில்லை, திருமணமும் ஆகிவிட்டது.

அக்கடிதம் சில வரிகளே கொண்டது. தங்கள் காரியாலயத்தில் எழுத்தர் வேலை ஒன்று காலியிருப்பதாக அறிந்து விண்ணப்பிக்கிறேன் என்று தொடங்குகிறது. மெட்ரிகுலேஷன் தேறியதைச் சொல்லி, எப்.ஏ. வரை படித்தும் சில இடையூறுகளால் மேலே தொடர முடியவில்லை என்று ஒரே வாக்கியத்தில் முடிக்கிறது. அதன்பின் தம் நேரமெல்லாம் கணிதத்திலேயே செலவானதைக் கூறி, வேலை கிடைத்தால் செம்மையாகச் செய்ய இயலும் என்ற உறுதியைத் தெரிவிக்கிறது. இத்துடன், மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் அளித்த பரிந்துரையும் சென்றது. அவ்வாண்டு மார்ச்சு முதல் நாள் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் அவர் வேலைக்குச் சேர்ந்தார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, குறையை அவர் நடத்திய விதம். தேறாததை மறைக்கவில்லை, அதைச் சொல்லிப் புலம்பவும் இல்லை. ஒரு வாக்கியத்தில் ஒப்புக்கொண்டு, அடுத்த வாக்கியத்திலேயே அந்தக் காலத்தில் தாம் செய்தது என்ன என்பதற்குப் போய்விடுகிறார். அக்காலத்து வழக்கப்படி வேண்டிக்கொள்ளும் சொற்கள் அதில் உண்டு; ஆயினும் இரக்கத்தை நம்பி எழுதப்பட்ட கடிதமன்று அது. தம்மைப் பற்றித் தாமே புகழாமல், அதைத் தகுதியுடைய மற்றொருவர் வாயால் சொல்ல வைத்ததும் கவனிக்கத்தக்கது.

அடுத்த ஆண்டு, 1913 ஜனவரி 16ஆம் தேதியிட்டு, கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் மற்றொரு பாடம். தாம் துறைமுகக் கணக்குப் பிரிவில் சொற்பச் சம்பளம் பெறும் எழுத்தர் என்று அதன் தொடக்கத்திலேயே சொல்லிக்கொண்டார். அவ்வேலையை இழிவாக எண்ணி ஒளிக்கவில்லை. பிறகு, ஹார்டியே எழுதிய சிறு நூலொன்றின் 36ஆம் பக்கத்தைச் சுட்டி, பகா எண்களைப் பற்றி இன்னும் விடை கிடைக்கவில்லை என்று தாங்கள் கூறியதற்கு என்னிடம் விடை இருக்கிறது என்றார். அந்த விடை முற்றிலும் சரியன்று என்று பின்னர்த் தெரிந்தது. எனினும் கூடவே அனுப்பிய பக்கங்களில் இருந்த மற்றத் தேற்றங்கள் ஹார்டியை வியக்க வைத்தன. இதற்கு முன் கேம்பிரிட்ஜில் வேறு பேராசிரியர்களுக்கு எழுதியும் அவருக்கு ஆதரவு கிட்டவில்லை. 1914இல் அவர் கப்பலேறினார். 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

வணிகர்களுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். எதிரே இருப்பவருடைய அலமாரியில் எந்தத் தட்டு காலியாயிருக்கிறது என்று பார்த்து, அத்தட்டுக்குரிய சரக்கை நீட்டுகிறார் ராமானுஜன். நல்ல விண்ணப்பத்தின் சூட்சுமம் இதுவே. கடிதம் எழுதுவோர் கெஞ்ச வேண்டாம், பெருமையடிக்கவும் வேண்டாம். இன்னது உமக்குத் தேவை, அது என்னிடம் இவ்வளவு இருக்கிறது, இதோ சான்று என்று சொன்னால் போதும்.

எழுதும் வரிசை

முதலாவது, விளம்பரத்தை ஆர்டர்ச் சீட்டைப் போலப் படிக்க வேண்டும். வாடிக்கையாளர் ஐந்து பொருள் கேட்டால் ஐந்தையும் கோடிட்டுப் பார்ப்போமல்லவா? அவ்வாறே அவர்கள் கேட்கும் தகுதிகளைத் தனித்தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே நம்மிடம் உள்ளதை எழுதிக்கொள்ள வேண்டும். 2018ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ‘மை கேரியர்ஸ் ஃபியூச்சர்’ என்னும் அரசாங்க வேலைத் தளத்தில் வரும் விளம்பரங்களைக் கொண்டு இப்பயிற்சியைச் செய்து பார்க்கலாம்.

இரண்டாவது, முதல் பத்தியில் எந்த வேலை, எங்கே கண்டோம், நாம் யார் என்பவை இரண்டு வாக்கியங்களில் வந்துவிட வேண்டும். பெறுபவரின் பெயர் தெரிந்தால் பெயரிட்டே எழுதுவது நலம்.

மூன்றாவது, நடுப்பத்தியில் செய்த வேலையை அளவோடு சொல்ல வேண்டும். எத்தனை ஆண்டு, எத்தனை வகைச் சரக்கு, எவ்வளவு பணம், எத்தனை பேர் என்ற எண்களே அங்கு பேச வேண்டும். ‘நல்ல சரக்கு’ என்று மட்டும் எழுதி நமக்கு யாரேனும் விற்க வந்தால் வாங்குவோமா?

நான்காவது, குறையோ இடைவெளியோ இருந்தால் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும். தாயாரின் நோய்க்குத் துணையிருந்த காலம், கடை மூடிய காலம், தேர்வில் தவறிய காலம் ஆகிய எதுவாயினும் அப்படியே. அந்தக் காலத்தில் கற்றதோ செய்ததோ உடனே தொடர்ந்து வரட்டும்.

ஐந்தாவது, எப்போது வேலையில் சேர முடியும் என்று கூறி நன்றியுடன் முடிக்க வேண்டும். எல்லாம் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். விரிவான விவரங்களுக்குத்தான் தன்விவரப் பட்டியல் தனியே செல்கிறதே.

ஒரு மாதிரிக் கடிதம்

கடிதம் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே போகும் என்றாலும், வரிசை விளங்கும்பொருட்டுத் தமிழில் ஒரு மாதிரியைக் கீழே தருகிறோம். இதிலுள்ள எண்கள் உதாரணத்துக்கே.

“ஐயா,

தங்கள் புக்கிட் பாத்தோக் கிடங்குக்குச் சரக்கு உதவியாளர் தேவை என்ற விளம்பரத்தைக் கண்டேன். இருப்புக் கணக்கில் மூன்று ஆண்டு அனுபவம் உள்ள நான் அவ்வேலைக்கு விண்ணப்பிக்கிறேன்.

2021 முதல் 2023 வரை எங்கள் குடும்ப மளிகைக் கடையில் வார இறுதிகளிலும் விடுமுறைகளிலும் பணிபுரிந்தேன். 400 வகைச் சரக்குகளை வாரந்தோறும் எண்ணிச் சரிபார்ப்பதும், 6 விநியோகஸ்தர்களுக்கு ஆர்டர் அனுப்புவதும் என் பொறுப்பு. காலாவதித் தேதி நெருங்கும் சரக்கை முன்வரிசைக்குக் கொண்டுவரும் ஒழுங்கை ஏற்படுத்தினேன். மாதந்தோறும் கழித்துக் கட்டும் சரக்கு 30 பெட்டியிலிருந்து 12 பெட்டியாகக் குறைந்தது. இருப்புக் கணக்கைக் கணினி அட்டவணையில் எழுதி வந்தேன்.

தாங்கள் கேட்டுள்ள ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் சான்றிதழ் என்னிடம் இல்லை. அப்பயிற்சியில் சேரச் சித்தமாயிருக்கிறேன். தேசிய சேவையை முடித்துவிட்டேன். தாங்கள் அழைத்தால் உடனே வேலையில் சேர இயலும்.

எங்கள் கடைக்குச் சரக்கு வழங்கிய விநியோகஸ்தர் ஒருவரின் சான்றுக் கடிதத்தையும் தன்விவரப் பட்டியலையும் இணைத்துள்ளேன். தங்கள் நேரத்துக்கு நன்றி.”

இம்மாதிரியில் கடை மறைக்கப்படவில்லை. குடும்பக் கடை என்பதும் ஒளிக்கப்படவில்லை. சான்று மட்டும் தகப்பனிடமிருந்து வரவில்லை என்பதைக் கவனியுங்கள். மகனுக்குத் தகப்பன் கொடுக்கும் நற்சாட்சிக்கு வெளியில் மதிப்புக் குறைவு. பையனோடு நேரில் கொடுக்கல் வாங்கல் செய்த விநியோகஸ்தரோ, கணக்குப் பார்க்கும் கணக்காய்வாளரோ எழுதினால் அதன் எடையே வேறு.

எழுதக்கூடாதவை

அளவில் பொய் கூடாது. 100 வகைச் சரக்கு இருந்த கடையை 400 என்று எழுதினால் நேர்முகத் தேர்வில் இரண்டாம் கேள்வியிலேயே தெரிந்துவிடும். தராசைச் சரியாகப் பிடித்து வளர்ந்த வீட்டுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனம், மதம், வயது, திருமண விவரம் ஆகியவற்றைக் கடிதத்தில் எழுத வேண்டிய அவசியமில்லை. வேலைக்குத் தொடர்பில்லாத இவ்விவரங்களை விண்ணப்பப் படிவத்தில் கேட்கலாகாது என்பது சிங்கப்பூரின் முத்தரப்பு வழிகாட்டி நெறி. அடையாள அட்டை எண்ணையும் எழுத வேண்டாம். சட்டம் கோரினாலன்றி, அல்லது ஆளை ஐயமறத் தெரிந்துகொள்ளும் தேவை இருந்தாலன்றி, நிறுவனங்கள் அவ்வெண்ணைக் கேட்டுப் பெறலாகாது என்ற விதி 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. வேலை தருவதாகச் சொல்லி முன்பணமோ வங்கி விவரமோ கேட்பவர் வேலை தருபவர் அல்லர், மோசடிக்காரர் என்று உறுதியாய் நம்பலாம்.

கணினியே கடிதம் எழுதிக் கொடுக்கும் காலம் இது. எழுத்துப் பிழை திருத்த அதன் உதவியைப் பெறுவதில் தவறில்லை. ஆனால் அது தானே எழுதும் கடிதம் எல்லோர் கடிதத்தையும் போலவே இருக்கும். உங்கள் கடையின் 400 வகைச் சரக்கை அது அறியாது. அந்த வரியை எழுத வேண்டியவர் நீங்களே.

வணிகர்களின் பங்கு

கடிதம் எழுதுபவர் பிள்ளையாயினும் அதற்கு ஆதாரம் தர வேண்டியவர்கள் நாமே. கடையில் பணிபுரிந்தவர் யாராயினும், விலகும்போது சேர்ந்த தேதி, விலகிய தேதி, செய்த வேலை, கையாண்ட பொறுப்பு ஆகியவற்றைக் குறிப்பிட்டு ஒரு பணிச்சான்று கொடுங்கள். ‘நல்ல பையன், நாணயமானவன்’ என்ற ஒரு வரியோடு நிறுத்திவிடாதீர்கள். இரண்டு ஆண்டுகள் தினமும் கல்லாச் சாவியை அவனிடம் கொடுத்திருந்தால் அதையே எழுதுங்கள். நாணயத்துக்கு அதைவிட நல்ல சாட்சி ஏது?

சிங்கப்பூரரான சொந்தப் பிள்ளைக்கேயானாலும் சம்பளம் கொடுத்து வேலை வாங்கினால் மத்திய சேமநிதிச் சந்தாவை முறைப்படி செலுத்துங்கள். மாதச் சம்பளம் 50 வெள்ளிக்கு மேற்பட்டால் முதலாளி சந்தா கட்டுவது கடமை. அந்தப் பதிவே பிற்காலத்தில் அவன் உழைத்ததற்கு எழுத்து மூலமான அத்தாட்சியாகவும் நிற்கும்.

நாமும் பிறருடைய விண்ணப்பங்களைப் பெறுகிறவர்கள் என்பதை மறவாதீர்கள். 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் வேலையிட நியாயத்தன்மைச் சட்டத்தை நிறைவேற்றியது. வயது, இனம், மதம், பால், உடற்குறை முதலியவற்றைக் காட்டி ஆளை ஒதுக்குவதை அது தடுக்கிறது. 25 பேருக்குக் குறைவானவர்களை வைத்து நடத்தும் நிறுவனங்களுக்கு முதல் 5 ஆண்டுகள் அச்சட்டத்தில் விலக்கு உண்டு. நம் கடைகளில் பல இதில் அடங்கும். ஆயினும் முத்தரப்பு வழிகாட்டி நெறிகள் சிறிய கடைக்கும் பொருந்தும். நம் பிள்ளையின் கடிதத்தை ஒருவர் எப்படிப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறோமோ, அப்படியே நம் மேசைக்கு வரும் கடிதத்தை நாம் படிப்பதுதான் முறை. வேலை இல்லையென்றாலும் இல்லையென்று இரண்டு வரி பதில் போடுவது மரியாதை.

கடையைச் சாத்திவிட்டு வேலை தேடும் சகோதரர்களுக்கும் ஒரு சொல். ‘சொந்த வியாபாரம், 25 ஆண்டு’ என்று ஒரே வரியில் அடக்கிவிடாதீர்கள். கொள்முதல், கணக்கு, ஆள் நிர்வாகம், வாடகை ஒப்பந்தம், கடன் வசூல் எனப் பல உத்தியோகங்களை ஒருவராக இருந்து பார்த்தவர் நீங்கள். விண்ணப்பிக்கும் வேலைக்கு இவற்றுள் எது பொருந்துமோ அதை எடுத்து எண்களோடு எழுதுங்கள். கடை மூடியதற்கு ஒரு வாக்கியம் போதும். அதில் வெட்கப்படுவதற்கு எதுவும் இல்லை.

முடிவாக நம் வாசகர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறோம். இந்த வாரம் ஒருநாள் கடை சாத்தியபின், அரை மணி நேரம் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவன் அல்லது அவள் கடையில் செய்த வேலைகளையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். சரக்கு இருப்பு எடுப்பதைப் போல ஒன்றையும் விடாமல் எழுதுங்கள். விண்ணப்பம் எழுதும் நாளில் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தால் போதும். அதுவரை அத்தாவின் கடையில் சும்மா நின்றதாக எண்ணியிருந்த பிள்ளைக்கு, தான் எவ்வளவு கற்றிருக்கிறோம் என்பது அந்தத் தாளிலேயே தெரியவரும்.